பாய்க்கப்பல் காலத்து வணிகம்: உண்மையிலேயே கை சுத்தமா?

கல்லடிக்காற்று
ஞாயிறு பின்னேரம் மட்டக்களப்பு டவுனில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். பழைய துறைமுகங்களைப் பற்றிய பேச்சு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, முடிக்கிற நேரம் பேச்சாளர் ஒரு வசனம் விட்டார்: போர்த்துக்கேயர் வரும்வரை இந்து சமுத்திர வணிகம் முழுக்கக் காற்றில் ஓடியது, காற்றுக்குப் புகையில்லை, அந்த ஆயிரம் வருடத்தில் இயற்கைக்கு ஒரு கீறலும் விழவில்லை என்று. சபை கைதட்டியது. நானும் தட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

எனக்கு அம்மம்மாவின் மோதிரம் ஞாபகம் வந்ததுதான் காரணம். அம்மம்மா தும்படித்தவர், தேங்காய் மட்டையில் இருந்து கயிற்றுக்கு நார் எடுக்கிற வேலை. பொச்சுமட்டையை வாவிக்கரையில் குழி வெட்டிப் போட்டு, மேலே கிடுகும் சேறும் வைத்து மூடி, ஏழெட்டு மாதம் ஊறவிட்டுத்தான் எடுப்பார்கள். குழி திறக்கிற அன்று ஊருக்கே தெரியும், கூழ்முட்டை மணம். தண்ணீர் கோப்பி நிறத்தில் இருக்கும், மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஆடை படர்ந்திருக்கும், அந்தப் பக்கம் இறாலும் வராது மீன்குஞ்சும் நிற்காது. அம்மம்மாவின் வெள்ளி மோதிரம் எந்த நாளும் கறுத்துத்தான் கிடக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்து வெளுக்க வைப்பார், அடுத்த மட்டை எடுப்போடு மறுபடி கறுத்துவிடும்.

மொரோக்கோப் பயணி இப்னு பதூதா மாலைதீவில் இருந்த நேரம் (1343, 1344) எழுதி வைத்திருக்கிறார், அந்தத் தீவுகளின் தும்புக்கயிறு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் போகிறது, இந்தியக் கப்பலும் யேமன் கப்பலும் அந்தக் கயிற்றால்தான் தைக்கப்படுகின்றன என்று. ஆணி அடிக்காமல் பலகையைப் பலகையோடு தைத்த கப்பல்கள். ஒரு கப்பலுக்கு எத்தனை ஆயிரம் முழம் போயிருக்கும்? நங்கூரக்கயிறு, பாய்க்கயிறு வேறு. அவ்வளவும் ஏதோ ஒரு கரையில் யாரோ ஒருத்தியின் மோதிரத்தைக் கறுப்பாக்கின தண்ணீரில் இருந்து வந்தது. கப்பல் புகை விடவில்லை, சரி. அதுக்காகக் கீறலே இல்லை என்றால் எப்படி?

வாவிமகன்
தம்பி, 'ஒரு கீறலும் இல்லை' என்பது மேடைக்கதை, அதைக் காப்பாற்ற நான் வரவில்லை. ஆனால் மட்டைக்குழி நாறியதை வைத்து ஆயிரம் வருட வணிகத்தையே கூண்டில் ஏற்றுவதும் சரியில்லை. முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவன் என்ற முறையில் எனக்கு முதல் கேள்வி அளவு. குழி நாறும், ஒரு மாரி வந்து முகத்துவாரம் வெட்டுப்பட்டால் கழுவிக்கொண்டு போய்விடும். உன் அம்மம்மாவின் காலம் முடிந்து வாவி மட்டைச்சாறால் சாகவில்லையே, இன்றைக்கு வாவியில் என்னென்ன சேர்கிறது என்று உனக்கும் தெரியும்.

அதே இப்னு பதூதா 1344ல் புத்தளம் வந்து யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்திக்கிறார். அங்கே கரை முழுக்கக் கறுவா மரங்கள், ஆற்றுவெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மலை மாதிரிக் குவித்திருக்கிறது, மலபார்க்காரரும் சோழமண்டலக் கரைக்காரரும் விலை கொடுக்காமல் எடுத்துப்போகிறார்கள், பதிலுக்கு அரசனுக்குத் துணிமணி கொடுப்பதோடு சரி என்கிறார். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார், அது அவருக்குப் பழக்கம். ஆனாலும் விளங்குகிறது என்ன? கறுவாவுக்காக யாரும் காட்டை வெட்டவில்லை. அது காட்டுக்குள் நிற்கிற மரம், தண்டை வெட்டினால் அடியில் இருந்து மறுபடி தளிர்க்கும். தோட்டமாக நடத் தொடங்கியது ஒல்லாந்தர், 1769 அளவில். மிளகு இன்னும் சோலி குறைந்தது, உயிர்மரத்தில் ஏறுகிற கொடி, மரத்தை வெட்டினவனுக்கு மிளகு இல்லை.

முத்தை எடுத்துக்கொள். மார்க்கோ போலோ சொல்கிறார், சலாபம் (முத்துக்குளிப்பு) ஏப்ரலில் தொடங்கி மே நடுவோடு முடிந்துவிடும், அரசனுக்குப் பத்தில் ஒன்று, சுறாவைக் கட்ட மந்திரம் ஓதுகிறவனுக்கு இருபதில் ஒன்று. (மந்திரக்காரனின் பங்கு நல்ல பங்குதான்.) அப்படி நூற்றாண்டுக் கணக்கில் அள்ளியும் மன்னார்ப் பாரில் (சிப்பி வளர்கிற கடலடித் திட்டு) சிப்பி இருந்தது. 1906ல் வெள்ளைக்காரன் பாரை ஒரு கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தான், 1907க்குப் பிறகு அந்தக் கம்பனிக்குச் சலாபமே கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே தராசில் போடாதே.

உன்னிச்சைக்குளம்
சேர் சொன்னதுக்கு மேல் கதையில்லை. மலைநாட்டுக் காட்டை மொட்டையடித்தது கோப்பி, மறுகா தேயிலை. யானையைச் சுட்டது யார்? ரொஜர்ஸ் என்று ஒரு வெள்ளைக்கார மேஜர், பதுளைப் பக்கம், தனி ஆளாக ஆயிரத்துக்கு மேல். ஆயிரம் யானை! அரபுக்காரன் இஞ்ச வந்து கயிறு வாங்கினதைப் பெரிய குற்றமாக எழுதுகிறார் தம்பி. மற்றவன் செய்த பாவத்தை நம்மட தலையில் கட்டுகிற வேலை இது, வேறொன்றுமில்லை.

கல்லடிக்காற்று
உன்னிச்சை அண்ணே, பக்கத்து வீட்டுக்காரன் கொலைகாரன் என்பதால் என் வீட்டுக் களவு களவு இல்லை என்று ஆகாது.

சேர், அளவு கேட்டீர்கள். மாலைதீவுச் சோகியைப் பாருங்கள், அந்தக் காலத்தில் காசாக ஓடின சின்னக் கடற்சிப்பி. கடலில் பொறுக்கிக் கரையில் குழியில் போட்டு, சதை அழுகிப்போக ஓட்டை எடுப்பது, இதுவும் இப்னு பதூதா சொன்னதுதான். (குழியில் போட்டு அழுகவிடுவதுதான் அந்தக் காலத்துத் தொழிற்சாலை என்று நினைக்கிறேன்.) ஒரு பொன் தீனாருக்கு 4 லட்சம் சோகி, விலை விழுந்தால் 12 லட்சம் வரைக்கும். ஒரு தீனாருக்கு! அதை வங்காளத்துக்கு ஏற்றி அரிசி வாங்கினார்கள், யேமன்காரர் கப்பலின் அடிப்பாரத்துக்கு மணலுக்குப் பதிலாகச் சோகியை நிரப்பினார்கள். இது மணலளவுக்கு மலிந்த உயிர் என்பது எனக்கும் விளங்குகிறது, அழிந்தும் போகவில்லை. ஆனால் 'அந்தக் காலம் அளவு சிறிது' என்று இனிமேல் சொல்லும்போது அந்த 12 லட்சத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

பொத்துவில்பிள்ளை
நான் உயிரியல் படிக்கிற பிள்ளை, வரலாறு அவ்வளவு தெரியாது, சேர் பிழை இருந்தால் திருத்துங்கள். எனக்குத் தெரிந்த ஒரு உதாரணம், வால்ரஸ். இரண்டு நீளத் தந்தமுள்ள கடல்மிருகம், வட துருவப் பக்கம். ஐஸ்லாந்தில் மனிதர் குடியேறத் தொடங்கியது 870 அளவில். அங்கே தனி இனவழியாக ஒரு வால்ரஸ் கூட்டம் இருந்தது, பழைய எலும்பின் மரபணுவில் பார்த்திருக்கிறார்கள், இன்றைக்கு வேறெங்கும் இல்லாத வழி. ஆட்கள் வந்து சில நூற்றாண்டுக்குள் அது துடைத்தெடுத்தது மாதிரி இல்லாமல் போனது. தந்தமும் தோலும் ஐரோப்பாச் சந்தைக்குப் போயின, தோலை வாராக வெட்டிக் கப்பல்கயிறு முறுக்கினார்கள்.

பிறகு கிரீன்லாந்துக்குப் போனார்கள். அங்கே இருந்து ஐரோப்பாவுக்கு வந்த தந்தங்களின் அடி எலும்பை அளந்து பார்த்த ஆய்வு 2020ல் வந்தது. காலம் போகப் போகத் தந்தம் சிறிதாகிக்கொண்டே வருகிறது, பெண்மிருகம், சின்ன மிருகம் என்று இறங்குகிறது, பிடிக்கிற இடமும் வடக்கே தூரத்தூரப் போகிறது. களப்பில் வலை போடுகிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெரியது முடிந்து குஞ்சு வரத் தொடங்கினால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். எந்திரமும் இல்லை, துவக்கும் இல்லை. ஈட்டியும் பாயும் மட்டும்.

வாவிமகன்
பிள்ளை, நல்ல உதாரணம், பிழை ஒன்றுமில்லை. ஆனால் ஐஸ்லாந்தைத் தூக்கிக்கொண்டு வந்து இந்து சமுத்திரத்தில் இறக்கக் கூடாது. அது ஆளில்லாத தீவு, மனிதனையே காணாத மிருகம். நம் பக்கம் அப்படி இல்லை. இங்கே காடும் மனிதனும் ஆயிரக்கணக்கான வருடம் ஒருவரை ஒருவர் பழகியவர்கள்.

நான் கேட்க வந்த கேள்வி வேறு. ஒரு காடு அழிந்தது என்று வைத்துக்கொள்வோம். அது தூரதேச வணிகத்துக்காக அழிந்ததா, உள்ளூரில் நெல்லுக்கும் விறகுக்கும் அழிந்ததா என்று எப்படிப் பிரிப்பாய்? சீனாவில் சொங் அரசர் காலம், 1078ல் ஒரு வருடத்துக்கு 125,000 தொன் இரும்பு உருக்கினார்கள் என்று ஒரு கணக்கு உண்டு. கூட்டியோ குறைத்தோ, பெரிய தொகை. வட சீனாவில் விறகு தட்டுப்பட்டு நிலக்கரிக்கு மாறினார்கள். அந்தக் காலத்துக் கவி ஒருவர், சூ ஷி, நிலக்கரி கண்டுபிடித்த சந்தோசத்தில் தெற்கு மலைக் கஷ்கொட்டைக் காடு இனி மூச்சுவிடும் என்ற மாதிரி ஒரு பாட்டே எழுதினார். பெரிய அழிவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இரும்பு எங்கே போனது? கலப்பைக்கும் ஆயுதத்துக்கும் காசுக்கும், பெரும்பாலும் சீனாவுக்குள்ளேயே. கடல்கடந்து போனதெல்லாம் பட்டு, பீங்கான், வாசனைத் திரவியம், முத்து. பாரம் குறைந்த, விலை கூடிய சாமான். நூறு வண்டி நெல்லுக்கு அழிகிற காடு வேறு, ஒரு பெட்டி கராம்புக்கு அழிகிற காடு வேறு. மன்னார்ப் பக்கத்துப் பழைய துறைமுகம் மாதோட்டத்தைத் தோண்டினபோது கிடைத்த கராம்பு எத்தனை தெரியுமா? ஒன்று. அதற்கு 900க்கும் 1100க்கும் இடையில் என்று காலம் கணித்திருக்கிறார்கள். ஒரே ஒரு கராம்பு!

உன்னிச்சைக்குளம்
ஹா ஹா, ஒரு கராம்புக்காக இவ்வளவு சண்டை.

அக்கரைப்பற்றுக்காக்கா
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன், நமக்கு இப்னு பதூதா எல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் சேர் இரும்பு என்றதும் ஒரு சங்கதி சொல்ல வேணும்போல இருந்தது.

எங்களுக்கு அம்பாறைப் பக்கம் காட்டோரமாக ஒரு துண்டு நிலம், வாப்பா காலத்தில் சேனை, இப்போது கச்சானும் சோளமும். ட்ரக்டர் விட்டு உழுகிற நேரம் கலப்பையில் 'டங்' என்று ஏதாவது மாட்டும். கல் என்றுதான் முதலில் நினைத்தேன். கையில் எடுத்தால் கல்லை விடப் பாரம், கறுப்பு, ஒரு பக்கம் வெல்லப்பாகை ஊற்றி ஆறவிட்டது மாதிரி வழிந்து மடிந்து கிடக்கு, மற்றப் பக்கம் அப்பத்தில் ஓட்டை மாதிரிப் பொடிப்பொடியாக ஓட்டை. உடைத்தால் உள்ளே கண்ணாடி மாதிரி மினுங்கும். வாப்பாதான் சொன்னார், மகன் இது இரும்புக் கிட்டம், ஆரோ முந்தி இரும்பு உருக்கின இடம் என்று. ஒரு போகம் உழுதால் அரைச் சாக்கு பொறுக்கலாம். பக்கத்தில் உடைந்த குளக்கட்டு ஒன்றும் கிடக்கு, அதில் பாலைமரம் இரண்டு பேர் கைகோர்த்தாலும் பிடிக்கேலாத பருமனில் நிற்குது.

இப்ப என் கேள்வி, இவ்வளவு கிட்டத்துக்கு எவ்வளவு கரி எரித்திருப்பான்? நான் கரி சுட்டவனையும் கண்டிருக்கிறேன். ஒரு கிலோ கரிக்கு ஐந்தாறு கிலோ விறகு வேணும். அதை ஆர் தின்றது, உள்ளூரா வெளியூரா, எனக்குத் தெரியாது. காட்டைத் தின்றது மட்டும் உண்மை.

கல்லடிக்காற்று
காக்கா, இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன், கோடி புண்ணியம் உங்களுக்கு.

சேர், இரும்பு இங்கே இருந்து வெளியே போனது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பலாங்கொடைக்குக் கிட்ட சமனலவெவப் பக்கம், மலையின் மேற்குச் சரிவில் வரிசையாக உலைகள். துருத்தியே இல்லை, தென்மேற்குப் பருவக்காற்று நேரே வந்து உலைக்குள் ஊதும். ஜில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் 1994ல் அதே மாதிரி உலை கட்டிக் காற்றிலேயே உருக்கிக் காட்டி, 1996ல் எழுதினார். 7ஆம் நூற்றாண்டில் இருந்து 11ஆம் நூற்றாண்டு வரை நடந்த வேலை. பக்தாதில் இருந்த அறிஞர் அல்கிந்தி 9ஆம் நூற்றாண்டில் வாளைப் பற்றி எழுதினபோது சரந்தீபு உருக்கைத் தனியாகச் சொல்கிறார். சரந்தீபு என்றால் நாங்கள்தான். பக்தாத்காரனின் இடுப்பில் தொங்கின வாளுக்குச் சப்ரகமுவ மலையில் மரம் எரிந்தது. பாரம் குறைந்த விலை கூடிய சாமான் என்றீர்களே, ஒரு வாள் எவ்வளவு பாரம்? அதற்குப் பின்னால் எரிந்த விறகு எவ்வளவு பாரம்? கப்பலில் ஏறியது வாள் மட்டும். விறகின் கணக்கு மலையிலேயே நின்றுவிட்டது. நீங்கள் துறைமுகத்தில் தராசு வைத்து நிறுக்கிறீர்கள் சேர், அதுதான் பிரச்சினை.

வாவிமகன்
தராசுக் கதை நன்றாக இருக்கிறது, அதை யோசிக்கிறேன். ஆனால் இரண்டு விசயம் விட்டுவிட்டாய்.

ஒன்று, காக்காவின் நிலத்தில் கிடக்கிற கிட்டம் வேறு, சமனலவெவ வேறு. உலர்வலயத்தில் எந்தப் பழைய ஊரைக் கிண்டினாலும் கிட்டம் வரும். குளம் கட்ட மண்வெட்டி வேணும், வயலுக்குக் கொழு வேணும், அது கடல் காணாத இரும்பு. காக்காவின் அரைச் சாக்குக் கிட்டத்தைப் பக்தாத் கணக்கில் எழுதாதே.

இரண்டாவது, சமனலவெவயில் வேலை நடந்தது சுமார் 400 வருடம். ஒரே மலைச்சரிவில் 400 வருடம் உலை எரிந்தது என்றால் என்ன அர்த்தம்? விறகு தீரவில்லை. விறகு தீர்ந்திருந்தால் ஐம்பது வருடத்தில் கடையைக் கட்டியிருப்பார்கள். வெட்டி, தளிர்க்கவிட்டு, சுற்றிவந்து மறுபடி வெட்டியிருக்க வேணும். அதைத்தான் இப்போது பெரிய பெரிய சொல்லெல்லாம் போட்டுப் பாடசாலையில் படிப்பிக்கிறோம்.

கல்லடிக்காற்று
அல்லது ஒரு சரிவில் மரம் முடிந்து அடுத்த சரிவுக்கு மாறினார்கள். அங்கே உலை ஒரு இடத்தில் இல்லை சேர், டசின் கணக்கில் சிதறிக் கிடக்கிறது. கிராமத்தில் சேனைக்காரனும் நானூறு வருடம் சேனை செய்தான், அதே துண்டிலா செய்தான்? எது சரி என்று உங்களாலும் நிரூபிக்க முடியாது, என்னாலும் முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த மலையின் ஒரு பங்கு இப்போது நீர்த்தேக்கத்துக்குள் வேறு.

பொத்துவில்பிள்ளை
சேர் இந்து சமுத்திரத்துக்குள்ளேயே கேட்டார், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் வெட்டினது, அள்ளினது பற்றித்தான் கதைக்கிறீர்கள், கப்பல் கொண்டுபோய் விட்டதை ஒருவரும் தொடவில்லை.

எங்கள் வளவில் பதினெட்டுத் தென்னை. காலையில் கூட்டப் போனால் மரத்தடியில் குரும்பை விழுந்து கிடக்கும், ஒவ்வொன்றிலும் மூக்குப் பக்கம் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு வட்ட ஓட்டை, ஓரம் பல்லால் சீவின மாதிரி. எலி. உம்மாவுக்கு அதைக் கண்டாலே நாள் முழுக்கக் கோபம். அந்த மரமேறி எலி, கருப்பெலி, அதன் தாயகமே எங்கள் பக்கம், தென்னாசியா. இங்கே இருந்துதான் தானியக் கப்பலில் ஏறி உலகம் சுற்றியது. கிழக்கு ஆபிரிக்கக் கரைக்கும் மடகாஸ்கருக்கும் கப்பலில்தான் போனது. ஐரோப்பாவில் பழைய எலி எலும்பின் மரபணு பார்த்து 2022ல் ஒரு ஆய்வு வந்தது: ரோமர் காலத்தில் ஒருக்கா போயிருக்கிறது, ரோம வணிகம் விழுந்ததோடு எலியும் பெரும்பாலும் இல்லாமல் போயிருக்கிறது, பிறகு நடுக்காலத்தில் வணிகம் மறுபடி உயிர்க்க எலியும் இரண்டாவது தரம் போயிருக்கிறது. வணிகம் இருந்தால் எலி, இல்லாவிட்டால் எலி இல்லை. தூரவணிகத்தையும் உள்ளூரையும் எப்படிப் பிரிப்பது என்று சேர் கேட்டதுக்கு எலி பதில் சொல்லுது.

1347ல் கருங்கடல் பக்கம் கஃபாவில் இருந்து வந்த கப்பல்கள் சிசிலியில் மெசினாவுக்குக் கொள்ளைநோயைக் கொண்டுவந்த கதை எல்லாருக்கும் தெரிந்தது, அதை நீட்டவில்லை. ஆனால் அதில் ஒன்று, ஆல்ப்ஸ் மலையில் கொலே நிபெத்தி என்ற பனிப்படிவைத் துளைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருடப் பனியிலும் காற்றில் இருந்த ஈயம் படிந்திருக்கும். 1170க்கும் 1216க்கும் இடையில் ஆலைக்காலத்து அளவுக்கு ஈயம், இங்கிலாந்துச் சுரங்கங்களில் இருந்து வந்தது. 1349ல் இருந்து 1353 வரைக்கும் இல்லை என்கிற அளவுக்குக் கீழே. உருக்கினவர்களெல்லாம் கொள்ளையில் செத்தார்கள், காற்று சுத்தமானது. புகை வெள்ளைக்காரன் ஆலை வைத்த பிறகுதான் வந்தது என்று இனிமேல் மேடையில் சொல்கிறவர் அந்தப் பனியை ஒருக்கா நினைக்கட்டும்.

உன்னிச்சைக்குளம்
தங்கச்சி, கொள்ளைநோய் சுற்றுச்சூழல் இல்லை, அது வியாதி. இரண்டையும் கலக்காதீங்க. ஈயம் தூரவணிகமா, கோயில் கூரைக்கா?

யானை பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. நம்ம நாட்டில் ஆண் யானையில் தந்தமுள்ள கொம்பன் நூற்றுக்கு ஏழு அளவுதான், மற்றதெல்லாம் தந்தமில்லாத அலியன். அந்தக் காலத்து ராசாக்கள் கொம்பனாகப் பார்த்துப் பிடித்து வித்ததால்தான் இப்படி என்று எங்கட ஊரில் ஒரு பெரியவர் சொல்வார். அது உண்மையென்றால் நானே கட்சி மாறத் தயார்.

வாவிமகன்
உன்னிச்சை, நீர் மாறவேண்டாம், அது ஊகம். கொம்பன் குறைவதற்கு ரொஜர்ஸ் மாதிரி ஆட்களும் காரணமாக இருக்கலாம், அதற்கும் முந்திய இயற்கைக் காரணமும் இருக்கலாம். உமக்குச் சாதகமான ஊகத்தையும் நான் விடமாட்டேன், தம்பிக்குச் சாதகமானதையும் விடமாட்டேன்.

யானை உண்மையில் என் பக்கத்துச் சாட்சி. நம் பக்கத்து அரசனுக்கு யானை உயிரோடு வேணும், படைக்கு. செத்த யானையின் தந்தத்தை விட உயிருள்ள யானைக்கு விலை. முதலாம் பராக்கிரமபாகு 1160களில் பர்மாவுக்குக் கப்பற்படை அனுப்பினதுக்குச் சூளவம்சம் சொல்கிற காரணங்களில் ஒன்று, பர்மா அரசன் யானை விற்பனையில் கைவைத்தது. யானைக்காகக் கடல்கடந்து சண்டை. அப்படிப்பட்ட அரசன் யானைக்காட்டை வெட்டவிடுவானா? அர்த்தசாஸ்திரத்திலேயே யானையைக் கொன்றவனுக்கு மரணதண்டனை. அதனால்...

எழுதிக்கொண்டு வரும்போதே ஒன்று இடறுகிறது, அதை மறைத்தால் நான் படிப்பித்தது பொய். இங்கே யானையைக் கொல்ல முடியாதென்றால் இந்தியாவில் செதுக்கின தந்தம் எங்கே இருந்து வந்தது? 916 அளவில் கிழக்கு ஆபிரிக்கக் கரைக்குப் போன அரபுப் பயணி அல்மசூதி சொல்கிறார், அங்கே யானையைக் கொன்று எடுக்கிற தந்தம் ஓமானுக்குப் போய் அங்கிருந்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போகிறது, இல்லாவிட்டால் முஸ்லிம் நாடுகளில் தந்தம் கொட்டிக் கிடக்கும் என்று. நம் யானை உயிரோடு நின்றது, தந்தத்துக்கு ஆபிரிக்க யானை விழுந்தது. நம் காட்டைக் காத்த அதே வணிகம் அடுத்தவன் காட்டுக்குப் போயிருக்கிறது. தம்பி, இந்த இடத்தில் உனக்கு ஒரு புள்ளி.

கல்லடிக்காற்று
சேர், ஒரு புள்ளி இல்லை, நான் முதலில் இருந்து சொல்லவந்ததே இதுதான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தூரவணிகத்தில் வாங்குகிறவனின் ஊரில் ஒன்றும் தெரியாது. கிணறு கிணறாகவே இருக்கும், காடு காடாகவே இருக்கும். சாமான் மட்டும் வரும். நாறின குழி மாலைதீவில், விழுந்த யானை ஆபிரிக்காவில், முடிந்த வால்ரஸ் ஐஸ்லாந்தில். வாங்கினவன் எழுதிவைத்த புத்தகத்தை வாசித்துவிட்டு நாங்கள் கீறல் இல்லை என்கிறோம். வாள் பிடித்தவன் எழுதினான், கரி சுட்டவன் எழுதவில்லை.

நீங்கள் சொன்னதில் நான் எடுத்துக்கொள்வதும் இருக்கு. கறுவா, மிளகு, முத்து மூன்றும் ஐரோப்பியர் கம்பனி மாதிரி இடத்தை மொட்டையடிக்கவில்லை, உண்மை. எல்லாச் சாமானுக்கும் ஒரே தீர்ப்பு எழுதினது என் பிழை.

வாவிமகன்
எனக்கும் பிழை இருக்கிறது, ஆனால் நீ நினைக்கிற அளவுக்கு இல்லை. அழிவு தூரத்தில் விழுந்தது, சரி. எவ்வளவு விழுந்தது என்று எனக்கு இன்னும் நீ காட்டவில்லை. ஆபிரிக்காவில் யானை அல்மசூதிக்குப் பிறகும் ஆயிரம் வருடம் இருந்தது, அதை உண்மையாக முடித்தது துவக்கு.

அக்கரைப்பற்றுக்காக்கா
சேர், தம்பி, ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கோ.

நான் ஒன்று கேட்கிறேன். எங்கட நிலத்துக்குப் பின்னால் இருக்கிற காட்டை எல்லாரும் ஆதிகாலக் காடு என்கிறார்கள், வனத்துறை ஆட்களும் அப்படித்தான் கதைப்பார்கள். ஆனால் அதுக்குள் குளக்கட்டு இருக்கு, கல்தூண் இருக்கு, கிட்டம் இருக்கு. பொலனறுவை விழுந்து, 1215ல் கலிங்க மாகன் படையெடுத்து வந்த காலத்துக்குப் பிறகு சனம் தெற்கேயும் மேற்கேயும் போக, வயலெல்லாம் காடாகிப் போனது என்று படித்த ஞாபகம். அப்ப அந்தப் பாலைமரம் நிற்கிறது ஒரு காலத்தில் ஆரோ வெட்டி வெளியாக்கின இடத்தில்தானே? அழித்த காடு எண்ணூறு வருடம் விட்டால் திரும்பி வருகுது. இது ஆருக்குச் சாதகம், சேருக்கா தம்பிக்கா?

பொத்துவில்பிள்ளை
இரண்டு பேருக்கும் காக்கா. மரம் வந்துவிடும். ஐஸ்லாந்து வால்ரஸ் வரவில்லை.

வாவிமகன்
காக்கா, உங்கள் நிலத்துக் கிட்டத்தில் எங்கேயாவது கரித்துண்டு ஒட்டியிருக்கிறதா? மண்ணோடு மண்ணாக இல்லை, கிட்டத்துக்குள்ளேயே அகப்பட்ட கரி. இருந்தால் அதை வைத்துக் காலம் கணிக்கலாம், என்ன மரம் என்றுகூடச் சொல்லலாம். பாலையா வீரையா, முதிர்ந்த மரமா, வெட்டித் தளிர்த்த இளங்கொப்பா என்று கரியின் வளையத்தில் தெரியும். இளங்கொப்பு என்றால் சுற்றிவந்து வெட்டியிருக்கிறார்கள், நான் சொன்னது சரி. முதிர்ந்த மரம் என்றால் தம்பி சொன்னது. எனக்குத் தெரிந்த ஒருவரிடம் காட்டலாம். சனிக்கிழமை வரட்டுமா? நல்ல துண்டு ஒன்றைக் கழுவாமல் எடுத்து வையுங்கள், தயவுசெய்து கழுவ வேண்டாம்.

கல்லடிக்காற்று
நானும் வாறேன் சேர். பஸ் பிடிக்க வேண்டாம், மோட்டார்சைக்கிளில் கல்லடியில் இருந்து ஏற்றிக்கொண்டு போகிறேன்.

அக்கரைப்பற்றுக்காக்கா
தாராளமாக வாங்கோ, பகல் சோறு இங்கதான். கரி ஒட்டினது ஒன்று இருந்தது, நல்ல பெரிய துண்டு, ஓட்டைக்குள் கறுப்பாக மரத்தின் நார் மாதிரியே தெரியும். அதைத்தான் பொஞ்சாதி கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறா. வெள்ளிக்கிழமை தோறும் கூட்டையும் அதையும் சேர்த்துக் கழுவுகிறவ. இப்பவே போய்ச் சொல்லிப் பார்க்கிறேன், கேட்பாவோ தெரியாது.